அரைஞாண் கயிற்றுக்குக் கீழே ஒரு தழும்பு

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பாவையோ பெரியப்பாவையோ கேளுங்கள்: தொப்புளுக்குக் கீழே, அரைஞாண் கயிறு ஓடுகிற இடத்தில், நசுக்கிய மிளகு மாதிரி ஒரு தழும்பு இருக்கிறதா என்று. அவர் பதில் சொல்வதற்கு முன் கை எங்கே போகிறது என்று பாருங்கள். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டால் இருக்கிறது என்று அர்த்தம். நமக்கே காதோரம் வெள்ளை தெரிய ஆரம்பித்துவிட்டது, இனிமேல் இதைக் கேட்கக் கூச்சம் எதற்கு? அந்தத் தழும்பு ஒரு கோடையில் எங்கள் வீட்டைக் கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

ஆரணியில் எங்கள் தெருவுக்கு அப்போதுதான் கேபிள் டிவி வந்திருந்தது. எதிர்வீட்டில் மட்டும் கலர் டிவி. அந்த வீட்டுக்காரர் பட்டு நூலை முறுக்கும் மிஷின்கள் வைத்திருந்தார், ஆகவே ஊருக்கே அவர் ட்விஸ்டிங்காரர். அவரும் என் பெரியப்பாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ட்விஸ்டிங்காரர் எட்டாம் வகுப்போடு நூலுக்குப் போனார். பெரியப்பா இன்னும் கொஞ்சம் படித்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போனார்.

அந்தக் கோடையில் பெரியப்பா, சர்வீஸ் முடியாமலே திரும்பி வந்தார். ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது கறுப்பு இரும்புப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அவர் நம்பரும் பெயரும். திறந்தால் அந்துருண்டையும் ஷூ பாலிஷும் கலந்த ஒரு வாசனை. எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும் வாசனை வேறு, ஈரப் பட்டும் கஞ்சியும் சேர்ந்த புளித்த வாசனை. இது வேறு தேசத்திலிருந்து வந்த காற்று மாதிரி இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு வெள்ளை எனாமல் மக் வந்தது. விளிம்பில் நீலக் கோடு, பிடிக்குக் கீழே எனாமல் உதிர்ந்து கறுப்பாக ஒரு தீவு. நானும் என் தம்பியும் அதில் தண்ணீர் குடிக்கச் சண்டை போட்டோம்.

பெரியப்பாவுக்குக் கதை சொல்ல வரும். பனிமலைக் கதையை விட எங்களுக்குப் பிடித்தது அவர் பட்டாளத்தில் சேர்ந்த கதை.

"கிரவுண்டுல வரிசையா நிக்க வச்சாங்க. ஒடம்புல ஒரு துணி கெடையாது. இருமச் சொன்னாங்க, ஒத்தக் கால்ல குதிக்கச் சொன்னாங்க, கடவாப் பல்லு வரைக்கும் டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. மாடு வாங்கறவன்கூட அப்பிடிப் பாக்க மாட்டான்."

"வெக்கமா இல்லியா பெரிப்பா?"

"எல்லாரும் அவுத்துட்டு நிக்கும்போது இன்னா வெக்கம்? அங்க சட்டை போட்டுகினு நின்னவரு டாக்டர் ஒருத்தருதான். அவருதான் வெக்கப்படணும்."

அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா, "பொட்டப் புள்ளகிட்ட பேசற பேச்சா இது?" என்றாள். ஆனால் ஆய்வதை நிறுத்திவிட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு விடியலில் அப்பாவின் தறிக்கான பாவைத் தெருவில் நீட்டியிருந்தார்கள். உங்களுக்குத் தெரியாததா: இரண்டு முனையிலும் கம்பு நட்டு, பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, கஞ்சித் தண்ணீர் தெளிப்பார்கள். மயில்கழுத்து நிறம். வெயில் பட்டதும் தெருவே தோகை விரித்த மாதிரி இருக்கும். பெரியப்பா நடுவில் நின்று பாவைத் தாங்கும் கம்பைப் பிடித்திருந்தார். திடீரென்று தலை ஒரு பக்கம் திரும்பியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம், அவர் குரலே இல்லை. கம்போடு பாவின் மேலேயே விழுந்தார். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை, அதில் ரத்தம்.

யாரோ சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார்கள். யாரோ வெங்காயம் கொண்டு வரச் சொன்னார்கள். அடங்கியபின் அவர் எழுந்து உட்கார்ந்து, தன் விரல்களில் சுற்றியிருந்த மயில்கழுத்து இழைகளைப் பார்த்தார். யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று யோசிக்கிற முகம்.

அன்று சாயங்காலம் அம்மா அந்த மக்கைத் தனியாக ஒரு பலகையில் எடுத்து வைத்தாள். "அதுல வாய் வைக்காதீங்க. எச்சில்ல ஒட்டும்" என்றாள். ஒட்டாது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்தவரை நம்பவும் மாட்டார்கள்.

அதன்பின்தான் பெரியப்பா அப்பாவுக்கே முழுக்கதை சொன்னார். மலையில் வண்டி சறுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்த இவர் பாறையில் தலை மோதி விழுந்திருக்கிறார். தையல் போட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து முதல் வலிப்பு. அப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை, வீட்டுக்கு அனுப்பும் உத்தரவு. மாத்திரையில் அவர் ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டு வந்தது. ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். அது வந்தால்தான் பிழைப்பு. குழித்தறியில் அவரை உட்கார வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. விழுந்தால் ஆளும் போச்சு, சேலையும் போச்சு.

தெருவுக்குத் தெருவின் கணக்கு. குடித்துவிட்டு விழுகிறான் என்றார்கள். பென்ஷனுக்காக நடிக்கிறான் என்றார்கள். நடிப்பவன் நாக்கையா கடித்துக்கொள்வான் என்று கேட்டால், "மிலிட்டரில அதுக்கும் ட்ரெய்னிங் குடுப்பாங்க" என்று ஒருவர் விளக்கம் சொன்னார்.

பென்ஷன் மனுவுக்குப் பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் அப்பா அதைக் கடைவீதி டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு எடுத்துப் போனார். நோய் பட்டாளத்தில் வந்ததல்ல, பிறவியிலேயே இருந்தது, ஆகவே பென்ஷன் கிடையாது. மறுபடி முறையிடலாம், ஆள் வந்து விசாரிப்பார்கள். அப்பா சைக்கிள் மிதித்து வீடு வந்து சேர்வதற்குள் 'பிறவியிலேயே' என்ற சொல் பஸ் ஏறிப் போளூர் போய்விட்டது.

போளூரில்தான் பெரியம்மாவின் பிறந்த வீடு. அவளுடைய அண்ணன், எங்களுக்குப் போளூர் மாமா, மறுநாளே வந்தார். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கவில்லை. காபி ஆறி ஆடை படிந்தது, தொடவில்லை. ஒரு வீட்டில் வந்து பச்சைத் தண்ணீர் தொடாமல் உட்கார்ந்தால் அதற்கு என்ன பொருள் என்று எனக்கே தெரியும், எனக்குப் பத்து வயதுதான்.

"பிறவி நோய மறச்சுப் பொண்ணு கட்டினீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். நல்ல மெதுவான குரல்.

"சத்தியமா இல்லீங்க. சின்ன வயசுல அவருக்கு ஒண்ணுமே கெடையாது."

"நீங்க அவருக்குச் சின்னவரு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 தெரியும் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் யாரும் உயிரோடு இல்லை.

"சர்க்காரே பிறவின்னு சொல்லுது. விசாரணைக்கு ஆள் வரட்டும். நானும் வரேன். அப்பவும் அதே பேச்சுன்னா என் தங்கச்சியக் கூட்டிகினு போயிடுவேன்." பெரியம்மாவிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்த்தோம். பெரியம்மா பெரியப்பாவின் பெட்டியைக் காலிசெய்து தன் சேலைகளை மடித்து அடுக்கினாள். கிளம்பத்தான் என்று அம்மா முடிவுகட்டினாள். பள்ளிக்கூட லீவு, தினமும் எழுந்ததும் முதல் வேலையாக அந்தப் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்பாவோ யார் மொட்டைக் கடிதாசு போட்டிருப்பார்கள் என்ற ஆராய்ச்சியில் இறங்கினார். நோய் பிறவி என்று அவ்வளவு தூரத்து ஆபீசுக்கு எப்படித் தெரியும்? சொன்னவன் தெருக்காரன். சின்ன வயதில் கூடப் படித்தவன். ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். எங்களுக்கு டிவி பார்க்கப் போவது நின்றுபோனது.

பெரியப்பாதான் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "கடிதாசும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் வயித்தப் பாத்து எழுதினாங்க."

வீட்டுக்கு அனுப்புமுன் கடைசியாகப் பரிசோதித்த டாக்டர் தமிழ் பேசினாராம். "நம்ம பக்கத்து ஆளு. எத்தினி வருஷம் கழிச்சு ஒரு டாக்டர் வாயில தமிழ் கேக்கறேன். சந்தோஷமாயிடுச்சு எனக்கு. இது இன்னாய்யா தழும்புன்னாரு. சின்ன வயசுல சூடு போட்டாங்க சார்ன்னேன். எதுக்குன்னாரு. தெரியல சார், ஒடம்பு சரியில்லன்னு போட்டிருப்பாங்கன்னேன். வலிப்புக்குத்தானே நம்மூர்ல சூடு போடுவாங்கன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்."

வடக்கத்தி டாக்டராக இருந்திருந்தால் ஏதோ பழைய காயம் என்று தாண்டிப் போயிருப்பார். நம் பக்கத்து ஆளுக்குத்தான் சுட்ட இரும்பின் தடம் கண்ணில் படும். பட்டவுடன் அர்த்தமும் தோன்றிவிடும்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தியிருந்தார். அவர் முகத்தில் அப்போது தெரிந்தது என்ன என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அண்ணனுக்குச் சின்ன வயதில் வலிப்பு இல்லை என்பதை அவரும் முழுசாக நம்பவில்லை. ஒருவேளை இருந்திருக்குமோ, நமக்குத்தான் தெரியாதோ என்று நினைத்திருக்கிறார். அன்று மாலை அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "எதுக்குச் சூடு போட்டாங்கன்னு எனக்கே தெரியல. நான் எப்படி அடிச்சுப் பேசறது?" என்றார். அம்மா சாயம் தோய்க்கிற வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியம்மா பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன் தெருக்கோடி வீட்டு நெசவாளி ஒருவர் தறியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனார். பெரியப்பா வயதுக்காரர். ஒருநாள்கூட வலிப்பு வந்து விழாதவர், கல்லு மாதிரி ஆள். வாசலில் பெஞ்சு போட்டு உடலைக் குளிப்பாட்டினார்கள். சின்ன வயதுப் பழக்கம் என்பதால் பெரியப்பாவும் கூட நின்று தண்ணீர் ஊற்றினார். ட்விஸ்டிங்காரரும் இருந்தார். வழக்கப்படி அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். கயிறு விலகியது. நான் சுவரேறி நின்றிருந்தேன், நன்றாகத் தெரிந்தது. அதே இடம். அதே நசுக்கிய மிளகு.

பெரியப்பாவின் கையிலிருந்த குடம் அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து, பிணத்தைத் தாண்டி, ட்விஸ்டிங்காரரைப் பார்த்தார். முகத்தை அல்ல, இடுப்பை. ட்விஸ்டிங்காரர் வேட்டி மடிப்பை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டார்.

அதோடு தெருவின் நிலைமை மாறிவிட்டது. இதுவரை தெரு எங்களைச் சந்தேகப்பட்டது. இப்போது நாங்கள் தெருவைச் சந்தேகப்பட்டோம். பெரியப்பா வயதுள்ள ஒவ்வோர் ஆண்பிள்ளையும் எங்கள் கண்ணுக்கு ஒரு மூடிய பெட்டி. தறியில் உட்காரும்போது லுங்கியைத் தொப்புளுக்கு மேல் கட்டுகிறவர்கள், குளிக்கும்போதும் துண்டைத் தளர்த்தாதவர்கள், ஆற்று மணலில் குப்புறப் படுப்பவர்கள். நானும் தம்பியும் குழாயடியில் நின்று நோட்டம் விட்டோம். "இன்னா பாப்பா, இங்க இன்னா சினிமாவா ஓடுது?" என்று ஒருவர் விரட்டினார். விரட்டும்போது அவர் கையும் இடுப்புக்குத்தான் போனது.

பெரியப்பா எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன். மிஷின் இரைச்சலில் இருவரும் கத்திப் பேச வேண்டியிருந்தது, கத்த முடியாத விஷயத்தை.

"உனக்கும் இருக்குது. எனக்குத் தெரியும்டா. வர ஆள் கிட்ட காட்டு. அது போதும்."

"எனக்கு ஒண்ணும் கெடையாது மிலிட்டரி. பேஜார் பண்ணாத."

"செத்தவனுக்கு இருந்திச்சே. பாத்த இல்ல?"

"செத்தவனுக்குக் கல்யாணம் பண்ண பொண்ணு இருக்குதா?" ட்விஸ்டிங்காரர் மிஷினை நிறுத்தினார். திடீரென்று எல்லாம் அமைதியானது, குரலைத் தாழ்த்தினார். "வெம்பாக்கத்துலேர்ந்து வந்து பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. அப்பனுக்கு வலிப்புச் சூடு இருக்குதுன்னு நாளைக்கு அங்க போய் எவனாவது சொன்னா? உன் வீட்டுல இப்ப நடக்கறதே போதாதா?"

பெரியப்பா திரும்பி நடந்தார். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

விசாரணைக்கு மாவட்ட ஆபீசிலிருந்து வந்தவர் பழைய பட்டாளத்துக்காரர்தான். நரைத்த மீசை, பளபளக்கும் பெல்ட், நம் பக்கத்துப் பேச்சு. எங்கள் வாசலில் வேப்ப நிழலில் நாற்காலி போட்டோம். தெரு கூடிவிட்டது. போளூர் மாமா சொன்னபடி வந்து, கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த ஆள் எழுதப்போவதைப் பொறுத்துத்தான் பென்ஷன், பெரியம்மா இந்த வீட்டில் இருப்பதும் அதைப் பொறுத்துத்தான்.

"கூடப் படிச்சவங்க யாரு?"

எல்லாத் தலையும் ட்விஸ்டிங்காரர் பக்கம் திரும்பியது.

"சின்ன வயசுல இவருக்கு வலிப்பு வந்து பாத்திருக்கீங்களா?"

ட்விஸ்டிங்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஞாபகம் இல்லீங்க."

பார்த்ததில்லை என்று சொல்லியிருந்தால் போதும். ஞாபகம் இல்லை என்ற பதிலுக்கு எந்தப் பக்கமும் சாயும் குணம் உண்டு. போளூர் மாமாவின் தலை மெல்ல ஆடியது.

"சூடு போட்ட தழும்பு இருக்குதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. அது இன்னாத்துக்குப் போட்டது?" என்று வந்தவர் கேட்டார்.

 அப்பா தரையைப் பார்த்தார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மா வெளியே வந்தாள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்துக்கு அவள் வந்து நான் பார்த்ததில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்மா."

"பட்டாளத்துல சேக்கும்போது துணியெல்லாம் அவுக்க வச்சுத்தானே பாப்பாங்க? கடவாப் பல்லு வரைக்கும் டார்ச் அடிச்சாங்களாமே. அப்ப இந்தத் தழும்பு கண்ணுல படலீங்களா? சேக்கும்போது வெறும் தழும்பா இருந்தது, அனுப்பும்போது எப்படிங்க வலிப்பாச்சு?"

 வந்தவர் எழுதுவதை நிறுத்தினார். மீசைக்கடியில் ஏதோ அசைந்தது.

"என்னையும் அவுக்கத்தான் வச்சாங்க" என்றார். "வரிசையா. அது மறக்குமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. சிரிப்பு அடங்குவதற்குள் ட்விஸ்டிங்காரர் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு வருசம் தெருவுல பசங்களுக்கெல்லாம் வயித்தால போச்சு. மாந்தம்னாங்க. எல்லாரையும் வரிசையா படுக்க வச்சு ஒரே நாள்ல சூடு போட்டாங்க. வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கும் போட்டாங்களா?"

ட்விஸ்டிங்காரர் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். அங்கே அவர் மகள் நின்றிருந்தாள்.

"நான் அன்னிக்கு ஊர்ல இல்லீங்க."

வந்தவரும் அந்த ஜன்னலைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. பெரியம்மா கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டு எழுந்தார். எழும்போது தன் பெல்ட்டை ஒரு இழு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். அவர் ஆரணிக்குப் பக்கத்துப் படவேட்டுக்காரர் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த இழுப்பைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு.

பென்ஷன் உடனே வரவில்லை. நான் காலேஜ் போய், பெரியப்பாவுக்கு வேறு மாத்திரை மாறி, ஈறு வற்றி, எங்கள் தெருவில் பாதி வீட்டில் பவர்லூம் ஓட ஆரம்பித்தபின் வந்தது. சேர்க்கும்போது இல்லாத நோய், சேர்ந்தபின் வந்தது, ஆகவே வேலையால் வந்ததென்றே கொள்ள வேண்டும் என்று உத்தரவு. பெரியம்மா அன்று கேட்டது இங்கிலீஷில் நீளமாகத் திரும்பி வந்திருந்தது. அவளுடைய சேலைகள் அப்போதும் அந்த இரும்புப் பெட்டியில்தான் இருந்தன. வேறு பீரோ இல்லாததால் அடுக்கினாளாம். இதை ஒருவராவது அன்றைக்கே கேட்டிருக்கலாம். வீட்டை இடித்துக் கட்டியபோது பெட்டி காயலான் கடைக்குப் போனது. மக் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் அந்த மக்கை நான் கடைசியாக நன்றாகப் பார்த்தது விசாரணை நடந்த அந்த நாளில்தான். வந்தவர் கிளம்பிப் போய், கூட்டம் கலைந்தது. போளூர் மாமா மட்டும் நிழலில் நின்றிருந்தார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. கடைசியில் யாரையும் பார்க்காமல், "குடிக்கத் தண்ணி இருக்குதா?" என்றார்.

அம்மா செம்பை எடுக்கப் போனாள். பெரியம்மா அவளைத் தாண்டிப் போய், பலகையில் தனியாக இருந்த எனாமல் மக்கை எடுத்து, பானையில் மொண்டு கொண்டுவந்து அண்ணனிடம் நீட்டினாள்.

மாமா மக்கைப் பார்த்தார். வாங்கினார். அண்ணாந்து, உதடு படாமல் உயரத் தூக்கினார்.

"வாய வச்சுக் குடிண்ணா" என்றாள் பெரியம்மா.

தூக்கிய கை அப்படியே நின்றது. தண்ணீர் விளிம்பு தாண்டி அவர் சட்டையில் ஒழுகியது. பெரியப்பா வாசற்படியில் உட்கார்ந்து, யார் கதையையோ கேட்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கையை மெதுவாக இறக்கி, நீலக் கோட்டில் உதட்டை வைத்தார்.